இவருக்குப் பதிலாக அழுத்திய புள்ளி

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே வெயில் சுட்டது. மதியம் 104 டிகிரி என்று போனில். ஏ.சி. ஃபில்டர் மாற்றினேன், போன மாதமே மாற்றியிருக்க வேண்டியது. ஸ்டூல் போட்டு நானே ஏறினேன். இவர் சோபாவில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார் என்று சொல்ல முடியாது. கண் இந்தப் பக்கம் இருந்தது.

கணக்கு: பால், தயிர், வெண்டைக்காய், வெற்றிலை (வாடினதுக்கே இந்த விலை!) 38.60 டாலர். டாக்டர் கோ-பே (இன்சூரன்ஸ் போக நம் பங்கு) 40.

டாக்டரிடம் போய் வந்ததை எழுத வேண்டும். கை வரவில்லை. வெண்டைக்காயை நறுக்கிவிட்டு வருகிறேன்.

நறுக்கியாயிற்று.

இவருக்கு டிப்ரெஷன்.

லாஸ் கொலினாஸ் ஆபீஸிலிருந்து வந்ததும் காரைப் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். பால்கனியிலிருந்து பார்ப்பேன். ஏதோ போன் கால் போகிறது, பேசட்டும் என்று காப்பியை மூடி வைப்பேன். கால் எதுவும் இல்லையாம். மாடி ஏற முடியாமல் உட்கார்ந்திருந்தாராம். இன்று டாக்டரிடம் சொன்னார், எனக்குச் சொல்லவில்லை. டாக்டருக்குச் சொன்னபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன், அவ்வளவுதான்.

டாக்டர் கேட்டார்: உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா?

இவர் உடனே இல்லை என்று சொல்லவில்லை. கார்ப்பெட்டைப் பார்த்தார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அப்புறம் "நாட் லைக் தட்" என்றார். எப்படி இல்லை? வேறு எப்படி? டாக்டர் இன்னும் கேட்டுக்கொண்டே போனார், எனக்கு ஒன்றும் விழவில்லை. முருகா.

கொடுத்தது: மாத்திரை. ஆபீஸுக்கு லீவு லெட்டர். அவசரத்துக்கு ஒரு போன் நம்பர், ஃபிரிட்ஜில் ஒட்டச் சொன்னார்கள், ஒட்டிவிட்டேன். அப்புறம் லேப்டாப்பில் செய்ய ஒரு பயிற்சி.

பயிற்சியைக் காட்டியது எமிலி என்கிற தெரபிஸ்ட். சின்னப் பெண், மூக்குத்தி போட்டிருக்கிறாள். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகம் வரும். ஒன்று சோகமாக, ஒன்று சாதாரணமாக. கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். இரண்டில் ஒன்று இருந்த இடத்தில் ஒரு புள்ளி வரும். எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பட்டனை அழுத்த வேண்டும். இவ்வளவுதான். மனசு துவண்டவர்களின் கண் சோகமான முகத்திலேயே போய் ஒட்டிக்கொள்ளுமாம், விட்டு வராதாம். பயிற்சியில் புள்ளி எப்போதும் மற்ற முகத்தின் பக்கம்தான் வரும். செய்யச் செய்யக் கண் இந்தப் பக்கம் வரப் பழகும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் பரீட்சை, அன்றைக்குப் புள்ளி இரண்டு பக்கமும் மாறி மாறி வரும். எல்லாருக்கும் பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, மாத்திரையோடு சேர்த்து முயன்று பார்ப்போம் என்றாள். மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது.

ஆனால் தினமும் செய்ய வேண்டும். செய்தாரா இல்லையா என்று அவர்களுக்குத் தானாகவே போய்விடும். நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், அடிக்கடி விட்டால் இடம் வேறொருவருக்குப் போகும்.

வரும் வழியில் நான்தான் ஓட்டினேன்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

விரதம். செவ்வாய்க்காக மட்டும் இல்லை, ஆனி மாதத்திலிருந்தே ஒரு வேளைச் சாப்பாடுதான். இவருக்கு என்னமோ சரியில்லை என்று அப்போதே பட்டது, முருகனிடம் ஒரு மண்டலம் நேர்ந்துகொண்டேன். மண்டலம் முடிந்ததும் இன்னொன்று. ஒரு வேளை. பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து விளக்கு. சீரியல் இல்லை. பூ இல்லை. வெட்டிப் பேச்சு இல்லை, அதனால் மீனுவின் டான்ஸ் கிளாஸில் மற்ற அம்மாக்களோடு உட்காருவதையும் நிறுத்திவிட்டேன், காரிலேயே இருப்பேன். கஷ்டமாகவே இல்லை. அவன் அருள்.

இவர் பயிற்சிக்கு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம்தான். லேப்டாப்பை மூடிவிட்டார்.

"முடியல செல்வி. கிண்டர்கார்டன் விளையாட்டு மாதிரி இருக்கு."

"விளையாட்டுதானே, விளையாடிட்டுப் போங்களேன்."

"நீ வேற."

படுக்கப் போய்விட்டார். துணி துவைக்கப் போட்டேன், இரண்டு லோடு. ஒரு காலுறை குறைகிறது. நாள் முழுக்க அந்தக் காலுறையைத் தேடினேன்.


ஆகஸ்ட் 6, புதன்

இவர் எழுந்திருக்கவில்லை. பயிற்சி இல்லை. பல் கூடத் தேய்க்கவில்லை.

சாப்பாட்டில் மீனு (எட்டாவது முடித்து ஒன்பது போகிறாள், வாய் பி.எச்.டி.):

"அம்மா, திஸ் சாம்பார் ஹேஸ் நோ சால்ட். அகெய்ன்."

"சாமிக்குப் படைக்கிறதை ருசி பாத்துச் சமைக்கக் கூடாதுடி. கைக்கணக்குதான்."

"தென் ஆஸ்க் சாமி. ஹீ வில் ஆல்ஸோ ஸே நோ சால்ட்."

உள்ளே இவர் இருமியது கேட்டது. சிரிப்போ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். இருமல்தான்.


ஆகஸ்ட் 7, வியாழன்

கிளினிக்கிலிருந்து இமெயில். பயிற்சி விட்டுப்போயிருக்கிறது, உதவி வேண்டுமா, தொடர விருப்பமில்லையென்றால் தெரிவிக்கவும் என்று. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்ததில்லை. கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா, கூப்பன், லைப்ரரியில் பிள்ளைகள் புத்தகம் என்று நானே எழுத்துக் கூட்டிப் படித்தது. மூன்று தடவை படித்தேன். "தொடர விருப்பமில்லையென்றால்" என்பதில் வந்து வந்து நின்றேன்.

இவரை எழுப்பினேன். "நாளைக்குப் பண்றேன்" என்றார், சுவர்ப்பக்கம் திரும்பி.

பூஜை அறை என்று எங்களுக்கு எது, கோட் மாட்டுகிற அலமாரிதான். அதன் முன்னால் உட்கார்ந்தேன். யோசித்தேன்.

மீனுவுக்கு நாலு வயதில் காய்ச்சல் இறங்கவே இல்லை. ஊருக்குப் போனபோது பழனியில் முடி இறக்கினது யார்? நான். காய்ச்சல் அவளுக்கு, மொட்டை எனக்கு. இவர் விசா ஸ்டாம்பிங்குக்குப் போனபோது யார் பட்டினி கிடந்தது? நான். ஸ்டாம்ப் இவர் பாஸ்போர்ட்டில்தானே விழுந்தது? ஒருத்தர் படுத்தால் இன்னொருத்தர் செய்வது. அதற்குத்தானே குடும்பம்.

லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு மீனுவின் பிறந்தநாள். கை கால் கழுவி, விபூதி இட்டுக்கொண்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து செய்தேன். முழுதாகச் செய்தேன். முடிந்ததும் பச்சை நிறத்தில் "நன்றாகச் செய்தீர்கள்" என்று வந்தது.

இது பொய் இல்லை. நேர்த்திக்கடன்.


ஆகஸ்ட் 8, ஆடி வெள்ளி

கூழ் ஊற்ற முடியவில்லை, கேழ்வரகு மாவு தீர்ந்திருக்கிறது. எலுமிச்சம்பழ விளக்கு மட்டும்.

விளக்கேற்றின கையோடு பயிற்சி. இப்போது முகங்கள் பழகிவிட்டன. வெள்ளைக்காரர்கள், கறுப்பினத்தவர், சீனமுகம். நம் ஊர் முகம் ஒன்றுகூட இல்லை. தாடையில் மச்சம் உள்ள ஒருத்தி அடிக்கடி வருகிறாள். நாற்பது வயதிருக்கும். அழவில்லை, அழுது முடித்த மாதிரி இருக்கிறாள். உதடு கொஞ்சம் கோணியிருக்கிறது. சாம்பார் கொதிக்கும்போது அவள் ஞாபகம். யார் பெற்ற பெண்ணோ, என்ன கஷ்டமோ. போட்டோ எடுக்கிறவர் சோகமாக இருங்கள் என்று சொல்லியிருப்பார், அவ்வளவுதான் இருக்கும். இருந்தாலும்.

புள்ளி அவள் பக்கம் வரவே வராது என்று தெரியும். தெரிந்தும் அவளைத்தான் பார்க்கிறேன். கோயில் வாசலில் ஒருத்தி அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் தாண்டிக்கொண்டு உள்ளே போய்க் கும்பிட முடியுமா? எந்தச் சாமி ஏற்கும்?

இவர் குளித்தார். நான் சொல்லாமலே!


ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயில். பார்க்கிங்கிற்கே அரைமணி. இவர் வரவில்லை. மீனு வெளியே போனோடு உட்கார்ந்துவிட்டாள்.

கீழ் வீட்டு ரேவதியைப் பார்த்தேன். செருப்பு வைக்கிற இடத்தில் பிடித்துக்கொண்டாள். இவர் லீவில் இருப்பது எப்படியோ தெரிந்திருக்கிறது. ஆபீஸ் நேரத்தில் கார் நகரவில்லை அல்லவா, அதுதான்.

"என்ன, சார் ஒர்க் ஃப்ரம் ஹோமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை, கோயில். சொல்லிவிட்டேன்.

"டிப்ரெஷனா! லேஆஃப் ஆனவங்கல்லாம் ஜாலியா டென்னிஸ் ஆடிட்டிருக்காங்க, இவருக்கு வேலை இருக்கறப்பவே டிப்ரெஷனா?" என்றவள் உடனே என்னை மேலும் கீழும் பார்த்து, "அதை விடு. நீ எப்படி இவ்ளோ இளைச்சே? எந்த ஆப்?"

"ஆப் இல்ல. முருகன்."

"அவரு எனக்கு மட்டும் ஏன் ஹெல்ப் பண்ண மாட்டேங்கறாரு" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். நல்ல மனசுதான். வாய்தான்.

பிளவுஸ் எல்லாம் லூசாகிவிட்டது. பிடிக்க வேண்டும். உண்டியல் 11. சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். மீனுவிடம் கொடுத்துவிட்டேன், விரதம்.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று பரீட்சை நாள். புள்ளி இரண்டு பக்கமும் வந்தது. சோகமான முகத்தின் பக்கம் வந்தால் என் விரல் பொட்டென்று போகிறது. மற்ற பக்கம் வந்தால் எங்கே எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. மச்சக்காரி வந்த போதெல்லாம் ஒன்றுகூடத் தப்பவில்லை. பரவாயில்லையே, நமக்கும் வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு நின்றதற்கு இதிலாவது.

இவர் மெயில் பாக்ஸ் வரை நடந்து போய் வந்தார்! ஒரு பர்னிச்சர் கடை விளம்பரமும் கரன்ட் பில்லும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார், என்னமோ பரிசு மாதிரி. கரன்ட் பில் 214, போன ஆகஸ்டை விடக் கூட. பரவாயில்லை. நான் செய்கிறது அவருக்குப் போய்ச் சேருகிறது. சேராமல் எப்படி நடப்பார்?

முருகனுக்கு நன்றி சொன்னேன். மாத்திரைக்கும் சொல்லியிருக்க வேண்டும், இப்போதுதான் தோன்றுகிறது.


ஆகஸ்ட் 15, வெள்ளி

ஸ்கூல் திறந்துவிட்டது. மீனுவுக்கு இந்த வருஷம் கால்குலேட்டரே நூறு டாலருக்கு மேல்.

காரில் அவளாகவே கேட்டாள்: "அம்மா, ஆர் யூ ஓகே?"

"அப்பாதாண்டி முடியாம இருக்காரு."

"ஐ நோ. ஐ ஆஸ்க்ட் அபவுட் யூ."

ஸ்கூல் வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டாள். பின்னால் ஹாரன்.


ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று எழுத்து கோணும்.

ரிவ்யூ. இவர் முகம் வழித்துக்கொண்டு வந்தார். நீலச் சட்டை. அவரைப் பார்த்து எமிலி "நன்றாக இருக்கிறீர்கள்" என்றபோது எனக்குப் பெருமை, என் பிள்ளைக்கு மார்க் வந்த மாதிரி.

அப்புறம் திரையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கோடு. முதல் நாள் இங்கே எடுத்தது ஒன்று, போன வாரம் வீட்டிலிருந்து வந்தது ஒன்று. பிறகு மெதுவாக: இந்த இரண்டும் ஒரே ஆள் செய்தது மாதிரி இல்லை. விரலின் வேகம் வேறு. தவறு செய்கிற விதம் வேறு. வீட்டில் வேறு யாராவது செய்தார்களா?

இவர் சொன்னார்: "நான் வீட்ல ஒரு நாள்தான்… அதுவும் முழுசா இல்ல."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தார். கண் மட்டும் இந்தப் பக்கம் என்பது இல்லை, நிஜமாகவே.

இடம் போயிற்று என்று நினைத்தேன். இவருடைய இடத்தை நானே பிடுங்கிக் கொடுத்துவிட்டேன் என்று. எழுந்து நின்றுவிட்டேன், ஏன் நின்றேனோ. "ஐ டிட் ஃபார் ஹிம். லைக் ஃபாஸ்டிங். இன் அவர் ரிலிஜன், ஒய்ஃப் கேன் டூ." எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அந்த அறையில் கொட்டினேன். மொட்டை போட்டதைக்கூடச் சொன்னேன். எமிலி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

அவர் இடம் எங்கேயும் போகாது என்றாள். முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், ஆனால் அவர்தான் செய்ய வேண்டும், இது ஒருவருக்காக இன்னொருவர் செய்யக்கூடியது இல்லை என்றாள்.

மூச்சு வந்தது. கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

அப்போதுதான் சொன்னாள். "உங்களிடம் ஒன்று கேட்கலாமா? வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்."

திரையில் என் கோட்டைக் காட்டினாள். கண் சோகமான முகத்தில் போய் மாட்டிக்கொள்கிறது, விட்டு வர மறுக்கிறது. உங்கள் கணவருடையதைவிட அதிகமாக.

நான் சொன்னேன்: அது இரக்கம். பாவம் பார்க்கிறது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இருக்கலாம் என்றாள். இந்த ஒரு கோட்டை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதனால்தான் கேட்கிறேன் என்றாள். கேட்டாள்.

தூக்கம்? சீக்கிரமே விழிப்பு வந்துவிடும், விரதத்துக்கு எழுந்திருக்கிறேன். சாப்பாடு? ஒரு வேளை, விரதம். முன்பு பிடித்துச் செய்த காரியங்கள்? சீரியல் விட்டுவிட்டேன், பூ விட்டுவிட்டேன், விரதம். தோழிகள்? வெட்டிப் பேச்சு கூடாது, விரதம்.

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஒரே பதிலாக இருந்தது.

"விரதம் எடுப்பதற்கு முந்தின வாரம் பசி எப்படி இருந்தது?"

யோசித்துப் பார்க்கிறேன், அந்த வாரம் என்ன சாப்பிட்டேன்? என்ன சமைத்தேன் என்று சொல்ல முடியும். என்ன வாங்கினேன், எவ்வளவு ஆயிற்று என்று சொல்ல முடியும். சாப்பிட்டது?

கார்ப்பெட் சாம்பல் நிறம். ஓரத்தில் கொஞ்சம் பிரிந்திருக்கிறது. போன தடவை இவர் பார்த்தது இதைத்தான்.

இவர்தான் பேசினார். தமிழில், என்னிடம்.

"செல்வி. நீ விரதம்னு சாப்பாட்ட விடல. சாப்பாட்ட விட்டே. அதுக்கப்புறம்தான் விரதம்னு சொன்னே."

"என்னங்க பேசறீங்க?"

"தட்டுல போட்டுப் பிசைஞ்சு பிசைஞ்சு டப்பால எடுத்து வெப்பே. விடியறதுக்கு முன்னாடி ஹால்ல சும்மா உக்காந்திருப்பே, வெளக்குக்கூட ஏத்தாம. நான் பாத்தேன். எனக்குச் சொல்லத் தெம்பு இல்ல. ஸாரி."

பார்த்தாரா? சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவர். ஒன்றையும் பார்க்காதவர் என்று நான் எழுதி வைத்த மனுஷன்.

எமிலி எனக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். உயிரோடு இருக்க வேண்டாம் என்று. நான் உடனே இல்லை என்றேன். அது சத்தியம். நான் சொன்ன பிறகு பக்கத்து நாற்காலியில் இவர் மூச்சை விட்டது கேட்டது. அதுவரை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நம்முடைய டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு.

இவர்தான் காரை ஓட்டினார்.

கணக்கு எழுதவில்லை.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

எழுந்திருக்கவில்லை. விழிப்பு வந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகுதான் விளக்கு.

முருகனோடு சண்டை. வாய்விட்டே. நீயாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் உனக்காக விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், எனக்கே போய்விட்டதைத்தான் உன் காலில் கொண்டுவந்து போட்டேனா? பழைய துணியைத் தானம் கொடுத்த மாதிரி? இத்தனை நாள் செய்தது பக்தி இல்லையா, வியாதியா? இரண்டுமா? எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பித்தது? பிரிக்கத் தெரியவில்லை. அரிசியில் கல் பொறுக்கிற கை எனக்கு, இது பிரியவில்லை.

வேல் மட்டும் மினுமினுத்தது. துடைத்தது நேற்றுக்கு முன் தினம்.

மீனுவிடம் சொன்னோம், இவர்தான் சொன்னார். அவள் கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஸோ… போத் ஆஃப் யூ?"

"அம்மாவுக்கு இன்னும் டாக்டர் பாக்கணும்டா."

"ஓகே. ஹூ இஸ் டிரைவிங் மீ டு ஸ்கூல்?"

இவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், மூக்கு சிவந்தது. "ஐ வாஸ் டெல்லிங் யூ, அம்மா. த சால்ட். ஐ வாஸ் டெல்லிங் யூ எவ்ரி டே."

நைவேத்தியத்தை ருசி பார்க்கக் கூடாது, சரி. படைத்த பிறகு நானும்தானே அதைச் சாப்பிட்டேன். அந்த ஒரு வேளை. உப்பில்லாததை. தெரியவில்லையே எனக்கு. ஆனியிலிருந்து தெரியவில்லையே.




ஆகஸ்ட் 20, புதன்

வெயில் 101. குறைந்திருக்கிறது.

கோயில் குருக்களுக்குப் போன். மண்டலம் நடுவில் இருக்கிறது, டாக்டர் மூன்று வேளையும் சாப்பிடச் சொல்வார் போல் இருக்கிறது, என்ன செய்ய? பெரிய பாவமாகச் சொல்வார் என்று பயந்தேன். அவர் எங்கேயோ டிரைவ் பண்ணிக்கொண்டிருந்தார், இண்டிகேட்டர் சத்தம் கேட்டது.

"டாக்டர் சொன்னா முடிச்சுக்கோங்கோ மாமி. ஒரு பாலாபிஷேகத்துக்குச் சீட்டுப் போட்டுடுங்கோ. ஆன்லைன்லயே பண்ணலாம்."

அவ்வளவுதானா? மறுபடியும் கேட்டேன். அவ்வளவுதான் என்றார். பாலாபிஷேகம் 51.

இவர் சாப்பாட்டு மேஜையில் பயிற்சிக்கு உட்கார்ந்தார். தன் கையால். நான் எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். திரையைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு எமிலி உத்தரவு. பட்டன் சத்தம் மட்டும் கேட்டது. டக். நிற்கும். டக். நான் அழுத்தும்போது இவ்வளவு இடைவெளி இருக்காது. வாயை மூடிக்கொண்டேன். கை மட்டும் அரித்தது.

"இந்தத் தாடைல மச்சம் இருக்கற அம்மா…" என்றார்.

"அவளப் பாக்காதீங்க."

"பாவமா இருக்காங்கல்ல?"

"பாவந்தான். புள்ளியப் பாருங்க."

டக்.

"ஒன்ன மாதிரியே இருக்காங்க செல்வி. மூஞ்சிய வெச்சிருக்கறது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். குளியலறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். உதடு. இந்த முகத்தில் விபூதி வைக்கிறேன், தினமும் பார்க்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன். நெற்றியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது அவர் முடிக்கவில்லை. பாதியில் மூடிவிட்டார். "மீதிய நாளைக்குப் பண்றேன்" என்றார். நான் லேப்டாப் பக்கம் கை நீட்டவில்லை. நீட்டாமல் இருப்பது விரதத்தை விடக் கஷ்டம்.


ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆவணி வெள்ளி. மேகம், மழை இல்லை. கீழே ரேவதி யாரிடமோ கத்துகிறாள், பார்சல் வரவில்லையாம்.

டாக்டர் திங்கட்கிழமை. கோ-பே தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கணக்கில் என் பெயரில் ஒரு வரி எழுத வேண்டும், இதுவரை எழுதியதில்லை, எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியவில்லை.

இவர் புதன்கிழமை மீதியை நேற்று முடித்தார், இன்றையதைச் செய்யவில்லை. ஃபிரிட்ஜில் அந்த நம்பர் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும். இரண்டு பேருக்கும் ஒன்றுதானே.

பால் பொங்கிவிட்டது, துடைத்துக்கொண்டிருந்தேன். இவர் சமையலறைக்குள் வந்து ரவையைத் தேடினார். எந்த டப்பா என்று இவருக்குத் தெரியாது. காட்டப் போனேன், "ஒக்காரு" என்றார். மீனு போனில் யாரோ உப்புமா செய்கிற வீடியோவை வைத்துக்கொண்டு, "அப்பா, ஒன் ஈஸ் டு டூ வாட்டர்… நோ, அப்பா, தட்ஸ் சுகர்" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். கடுகு கருகின வாசனை. ஏ.சி.யில் வீடெல்லாம் அதே வாசனை.

தட்டில் வைத்து நேராக என் முன்னால் கொண்டுவந்தார். கட்டி கட்டியாக இருந்தது.

"என்னங்க, சாமிக்கு வெக்கல. வெள்ளிக்கிழமை."

"மொதல்ல நீ. சாமிக்கு அப்பறம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த வீட்டில் இப்படி ஒரு பேச்சு இதுவரை நடந்ததில்லை. அலமாரிப் பக்கம் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது, அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இவர் நகரவில்லை, தட்டையும் நகர்த்தவில்லை. மீனு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாய் எடுத்தேன்.

மீனுவும் சட்டியிலிருந்தே ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள். "அப்பா! டூ மச் சால்ட்!"

எனக்கும் கரித்தது.